ஊரின் காற்றுக்கு ஏற்ற கறவை மாடு: உடல் வெப்பத்தைத் தாங்கும் விதமும் நாம் செய்ய வேண்டியவையும்

காங்கயம் பக்கத்தில் வெப்பமானி 38 டிகிரி செல்சியஸ் காட்டும் சித்திரை நாளிலும் உள்ளூர் மாடு வெள்வேல மரத்து நிழலில் அமைதியாக அசைபோட்டுக்கொண்டிருக்கும். நாகப்பட்டினம் கடற்கரையோரம் 32 டிகிரிதான் இருக்கும், ஆனால் கொட்டகையில் கட்டியிருக்கும் கலப்பின மாடு வாயைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டு நிற்கும். இதற்கு இனம் ஒரு காரணம். காற்றின் ஈரப்பதம் இன்னொரு காரணம். வெப்பமண்டலம் என்று ஒரே பெயரால் சொல்லப்படும் நிலத்துக்குள் வறண்ட வெயிலும் கடலோரப் புழுக்கமும் மலைக் குளிரும் அடங்கியிருக்கின்றன, அவை ஒவ்வொன்றும் மாட்டின் உடலுக்கு வெவ்வேறு வேலையைக் கொடுக்கின்றன. அந்த வேலை எது என்று தெரிந்துகொண்ட பிறகே எந்த மாட்டை வாங்குவது, கொட்டகையை எப்படிப் போடுவது, தண்ணீரை எப்படித் தெளிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். பக்கத்து மாவட்டத்தில் பலன் தந்த முறையை அப்படியே எடுத்துவந்து நம் ஊரில் செய்வதால் ஏற்படும் இழப்பு சிறியதன்று என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உடல் வெப்பம் வெளியேறும் வழிகள்

நலமாக உள்ள மாட்டின் உடல் வெப்பநிலை சுமார் 38.5 டிகிரி செல்சியஸ், அதாவது 101.3 டிகிரி ஃபாரன்ஹீட். வெளியிலிருந்து வெயில் தாக்குவது ஒருபுறம் இருக்க, மாடே ஓயாமல் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது: அசையூண் வயிற்றில் தீவனம் நொதிக்கும்போதும், மடியில் பால் சுரக்கும்போதும் வெப்பம் பிறக்கிறது. அதிகம் தின்று அதிகம் கறக்கும் மாடு அதிக வெப்பத்தைச் சுமக்கிறது.

காற்று குளிர்ச்சியாக இருக்கும்போது இந்த வெப்பம் தோலிலிருந்து காற்றுக்கும் தரைக்கும் தானாகவே இறங்கிவிடும். காற்றின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையான 35 டிகிரியை நெருங்க நெருங்க அந்த வழி அடைபட்டு, ஆவியாதல் ஒன்றே மீதமிருக்கும். வியர்வையாகவோ மூச்சின் ஈரமாகவோ ஒரு லிட்டர் நீர் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் உடலை விட்டு நீங்குகிறது. ஆனால் தாராபுரத்தில் கொடியில் போட்ட துணி சிறிது நேரத்தில் உலர்ந்துவிடுவதும், வேதாரண்யத்தில் அதே துணி மாலை வரை ஈரமாகவே தொங்குவதும் போல, ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை உலர்வதில்லை. உலராமல் வழிந்து சொட்டும் வியர்வை மாட்டைக் குளிர்விப்பதும் இல்லை.

நம் நாட்டுத் திமில் மாடுகளின் வியர்வைச் சுரப்பிகள் ஐரோப்பிய இன மாடுகளுடையவற்றைவிடப் பெரியவை. தோலின் மேற்பரப்புக்கு மிக அருகிலும் இருக்கின்றன. காங்கயம் மாட்டின் முதுகில் மயிரை விரலால் விலக்கிப் பாருங்கள்: மேலே குட்டையான, வழவழப்பான, வெளிர்நிற மயிர், அதன் கீழே கறுத்த தோல். வெளிர்நிற மயிர் வெயிலைத் திருப்பியனுப்புகிறது, கறுத்த தோல் மயிரைக் கடந்து வரும் புற ஊதாக் கதிரிலிருந்து உள்திசுக்களைக் காக்கிறது. ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் கலப்பின மாட்டின் வெள்ளைத் திட்டுகளில் மயிரை விலக்கினால் தோல் இளஞ்சிவப்பாக இருப்பதையும், கறுப்புத் திட்டுகள் வெயிலில் கைவைக்க முடியாதபடி சுடுவதையும் காணலாம்.

திமிலும், கழுத்தின் கீழே தொங்கும் தோலான அலைதாடியும் பெரிதாக இருந்தால் மாடு வெயில் தாங்கும் என்று சந்தையில் சொல்வதுண்டு. 1950களில் அமெரிக்காவில் சிவப்பு சிந்திக் காளைகளின் திமிலையும் அலைதாடியையும் அறுவை செய்து நீக்கிச் சோதித்தபோது, அவற்றின் வெப்பம் தாங்கும் திறன் குறிப்பிடும்படி குறையவில்லை. எனவே அவற்றை இனத்தின் அடையாளமாகக் கொள்ளலாம், அவற்றின் அளவுக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. திமில் மாட்டின் உண்மையான பலம் அது உண்டாக்கும் வெப்பமே குறைவு என்பதில் இருக்கிறது. அதன் வளர்சிதை மாற்றம் மெதுவானது, தீவனத் தேவை குறைவானது, பாலும் குறைவானது. பால் அளவும் வெப்பம் தாங்குதலும் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்திருப்பவை என்பதால், இரண்டையும் முழுமையாகத் தரும் மாடு என்று யார் விற்றாலும் நம்ப வேண்டாம்.

இவற்றோடு உயிரணு அளவிலும் வேறுபாடு உண்டு. திமில் மாடுகளின் உயிரணுக்களும் தொடக்கநிலைக் கருக்களும் வெப்பத்தால் சிதைவது குறைவு என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. சினை பிடிப்பதைப் பற்றிப் பேசும்போது இது மறுபடியும் தேவைப்படும்.

மாட்டை அளந்து அறிதல்

கொட்டகையில் வெப்பமானி மாட்டுவதற்கு முன் மாட்டையே அளக்கப் பழகுங்கள். இதற்குக் கடிகாரமும் மருத்துவர்கள் பயன்படுத்தும் சாதாரண உடல் வெப்பமானியும் போதும்.

மூச்சை எண்ணுவது எளிது. மாடு நிழலில் ஓய்வாக இருக்கும்போது, நடந்துவந்த உடனோ தின்று முடித்த உடனோ அல்லாமல், அதன் விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தைக் கவனியுங்கள். அது ஒருமுறை புடைத்து அடங்குவது ஒரு மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 40க்குள் இருந்தால் கவலையில்லை. 60ஐத் தாண்டினால் மாடு வெப்பத்தோடு போராடத் தொடங்கிவிட்டது. 80ஐத் தாண்டினால் அன்றே ஏதாவது செய்தாக வேண்டும். 120ஐ எட்டி, கழுத்தை முன்னே நீட்டி, நாக்கைத் தொங்கவிட்டு, வாயோரம் நுரை ஒழுக நின்றால் அது ஆபத்தான நிலை.

வெப்பநிலையைக் காலை 6 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் ஆசனவாயில் பாருங்கள். வெப்பமானியின் நுனி சாணத்துக்குள் புதையாமல் குடலின் சுவரைத் தொட்டுக்கொண்டு இரண்டு நிமிடம் இருக்க வேண்டும். காலையிலேயே 103 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காட்டினால் அதை வெயில் என்று விட்டுவிடாமல் காய்ச்சல் என்று எண்ணி மருத்துவரை அழையுங்கள். உண்ணிக் காய்ச்சலும் கோமாரியும் கோடையில் வெயிலின் பெயரால் கவனிக்கப்படாமல் போவதுண்டு.

பிற்பகல் அளவை வைத்து மாடுகளை ஒப்பிட ஒரு பழைய முறை இருக்கிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஐபீரியா என்னும் வட்டாரத்திலிருந்த ஆய்வுப் பண்ணையின் பெயரால் அது அறியப்படுகிறது. மாட்டின் ஃபாரன்ஹீட் வெப்பநிலையிலிருந்து 101ஐக் கழித்து, வருவதைப் பத்தால் பெருக்கி, அதை நூறிலிருந்து கழிக்க வேண்டும். 102 காட்டும் மாட்டுக்கு 90 மதிப்பெண், 104 காட்டும் மாட்டுக்கு 70. வெயில் அடிக்கும் மூன்று நாட்கள் தொடர்ந்து அளந்து சராசரி எடுத்தால், ஒரே கொட்டகையில் ஒரே தீவனம் தின்னும் மாடுகளுக்குள்ளேயே எவ்வளவு வேறுபாடு என்பது விளங்கும். எந்த மாட்டின் கிடேரிக் கன்றை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய இதைவிடச் செலவில்லாத வழி எனக்குத் தெரியவில்லை. ஒப்பிடும்போது பால் அளவையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 5 லிட்டர் கறக்கும் மாடு 90 வாங்குவதும் 14 லிட்டர் கறக்கும் மாடு 85 வாங்குவதும் சமமல்ல.

காற்றை அளந்து அறிதல்

வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துப் பார்க்க வெப்ப ஈரப்பதக் குறியீடு என்ற கணக்கு உதவும். அன்றைய வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் எடுத்துக்கொண்டு அதிலிருந்து 58ஐக் கழியுங்கள். ஈரப்பதச் சதவீதத்தை 0.0055ஆல் பெருக்கி, அதை 0.55இலிருந்து கழியுங்கள். கிடைத்த இரண்டு எண்களையும் ஒன்றோடொன்று பெருக்கி, முதலில் எடுத்த வெப்பநிலையிலிருந்து கழித்தால் குறியீடு வந்துவிடும். 38 டிகிரி செல்சியஸும் 25 சதவீத ஈரப்பதமும் உள்ள காங்கயத்துப் பிற்பகலுக்கு இது ஏறக்குறைய 83. 32 டிகிரியும் 75 சதவீதமும் உள்ள நாகப்பட்டினத்துப் பிற்பகலுக்கு 85. வெப்பமானி ஆறு டிகிரி குறைவாகக் காட்டும் ஊரில்தான் மாட்டின் சுமை அதிகம். உதகமண்டலத்தில் 20 டிகிரியும் 70 சதவீதமும் உள்ள நாளுக்கு 66தான் வரும்.

ஐரோப்பியக் கறவை இனங்களுக்கு 72ஐ எல்லையாக நெடுங்காலம் வைத்திருந்தனர். மிக அதிகம் கறக்கும் மாடுகளுக்கு 68லேயே பால் குறையத் தொடங்குகிறது என்று பிற்கால ஆய்வுகள் கூறுகின்றன. நாட்டு மாடுகள் இதற்கு வெகு மேலேயும் தாங்கும். இந்தக் கணக்கில் காற்றோட்டமும் நேர் வெயிலும் சேரவில்லை என்பதை மறக்கக் கூடாது. இரவின் வெப்பநிலையையும் தனியே கவனிக்க வேண்டும், ஏனெனில் பகலில் உடலில் தேங்கிய வெப்பத்தை மாடு இரவில்தான் இறக்கி வைக்கிறது. உள்மாவட்டங்களில் வெயில் கடுமையானாலும் விடியற்காலை ஓரளவு குளிர்ந்துவிடும். கடலோரத்தில் இரவும் புழுங்கினால் மாடு நேற்றைய வெப்பத்தோடு இன்றைய வெயிலுக்குள் நுழைகிறது.

வறண்ட மேற்கு மாவட்டங்களில்

ஈரோடு, திருப்பூர், கரூர் பகுதிகளின் காற்று வறண்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்றும் உதவுகிறது. இங்கே ஆவியாதல் நன்றாக நடைபெறும் என்பதால் மாட்டுக்கு வேண்டியவை நிழலும் தண்ணீரும்தான். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியும் கொண்ட கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் இந்த இரண்டில் முதலாவதைத் தலைமுறைகளாகத் தந்து வந்திருக்கிறது. காங்கயம் மாட்டை அதன் கொரங்காட்டிலிருந்து பிரித்துத் தகரக் கொட்டகைக்குள் கட்டிவிட்டு அதன் தாங்கும் திறனை எதிர்பார்ப்பது நியாயமன்று.

இங்கே கலப்பினம் வைத்திருப்பவர்கள் நுண்துளித் தெளிப்பானையும் மின்விசிறியையும் சேர்த்துப் பயன்படுத்தலாம். மெல்லிய பனிபோலத் தெளிக்கப்படும் நீர் காற்றிலேயே ஆவியாகி, கொட்டகைக்குள் இருக்கும் காற்றையே குளிர்விக்கும். கொட்டகையின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் உள்ளே விழும் வெயில் குறையும். கூரையின் தாழ்வாரம் குறைந்தது 10 அடி உயரத்தில் இருக்கட்டும். தகரம் அல்லது சிமென்ட் தகடாக இருந்தால் மேலே தென்னங்கீற்று வேய்வதோ வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதோ கண்கூடான பலன் தரும்.

டெல்டாவிலும் கடலோரத்திலும்

கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான், ஏனெனில் தவறுகள் அதிகம் நடப்பதும் இங்கேதான். மேற்கு மாவட்டத்தில் நுண்துளித் தெளிப்பான் வேலை செய்வதைப் பார்த்துவந்து திருவாரூரிலோ கடலூர்க் கடலோரத்திலோ அதையே மாட்டினால், ஏற்கெனவே ஈரமான காற்றில் இன்னும் ஈரம் ஏறி, மாட்டின் வியர்வை உலரும் வாய்ப்பு மேலும் குறையும். நுண்துளி மயிரின் மேலேயே முத்து முத்தாகத் தங்கி, தோலை எட்டாமல் நின்றுவிடும். இங்கே செய்ய வேண்டியது வேறு: பெரிய துளிகளாகத் தண்ணீரை முதுகில் ஊற்றி, மயிரைக் கடந்து தோல் வரை நனைத்து, உடனே தண்ணீரை நிறுத்திவிட்டு மின்விசிறியால் வேகமாகக் காற்றடித்து உலரவிட வேண்டும். ஓரிரு நிமிடம் நனைத்தல், பத்துப் பன்னிரண்டு நிமிடம் காற்று என்று கறவைக்கு முன்னும் உச்சிப் பொழுதிலும் சில சுற்றுகள் செய்தால் மூச்சின் எண்ணிக்கை இறங்குவதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். தண்ணீர் விலாவில் வழிந்து மடிவரை போகும் அளவுக்கு ஊற்றக் கூடாது; நனைந்த மடி மடிநோய்க்கு வழி திறக்கும். மின்விசிறி இல்லாமல் தண்ணீர் மட்டும் ஊற்றுவதால் இங்கே பயன் மிகக் குறைவு. சுவரை உடைத்துக் காற்றுக்கு வழிவிடுவதற்குத்தான் முதல் பணத்தைச் செலவிட வேண்டும்.

இந்த மண்ணுக்கு உரிய மாடு உம்பளாச்சேரி. நாகப்பட்டினம், திருவாரூர் பகுதிகளின் சேற்று வயலில் உழவுக்காகவே உருவானது, உப்புக் கலந்த கடலோரப் புல்லை மேய்ந்து வாழக்கூடியது, உடலால் நடுத்தரமானது. புழுக்கமான நிலங்களில் மாட்டின் உடல் சிறுத்துப்போவதைப் பல இடங்களில் காணலாம். கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்து வெச்சூர்ப் பசு மூன்றடி உயரத்தைச் சுற்றியே நிற்பது. சிறிய உடலில் எடைக்கு ஏற்ற தோல் பரப்பு அதிகம், உண்டாகும் வெப்பம் குறைவு, தின்பதும் குறைவு. புழுக்க நிலத்தில் கலப்பினமே வேண்டும் என்றால் ஹோல்ஸ்டீனைவிட உருவில் சிறிய ஜெர்சிக் கலப்பு பொருத்தமானது என்று நான் சொல்வதற்கும் இதுவே அடிப்படை. அயல் இரத்தம் 50 முதல் 62.5 சதவீதத்துக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் முதல் ஈற்றில் பால் கூடும், ஆனால் சினை பிடிப்பதிலும் உண்ணியைத் தாங்குவதிலும் அந்த லாபம் கரைந்துவிடும்.

மலையைப் பொறுத்தவரை சொல்ல வேண்டியது குறைவு. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஹோல்ஸ்டீன் கலப்பு தன் இயல்பான பாலைத் தரும். அங்கே கவலை வெப்பத்தைப் பற்றியதன்று, மழைக்காலத்து ஈரத் தரையையும் குளம்பு அழுகலையும் பற்றியது. அந்தியூர் மேலுள்ள பர்கூர் மலை உயரத்தில் குறைந்தது, அங்கே காட்டுப் பட்டிகளில் வளரும் செந்நிறப் பர்கூர் மாடு மேடேறி மேய்வதற்குப் பழகிய உடல் கொண்டது. அதைக் கொட்டகையில் கட்டித் தீவனம் போட்டு வளர்ப்பது அதன் இயல்புக்கு ஒவ்வாது.

தீவனமும் தண்ணீரும்

வெப்பம் ஏறினால் மாடு முதலில் தீவனத்தைக் குறைத்துக்கொள்கிறது. அது நோயன்று, உள்ளே பிறக்கும் வெப்பத்தைக் குறைக்க உடல் எடுக்கும் முடிவு. ஆனால் பால் குறைவதில் ஏறக்குறைய பாதிதான் தீவனக் குறைவால் வருவது. மீதி, உடலின் சத்துப் பங்கீடே மாறிப்போவதால் வருகிறது. ஆகவே வற்புறுத்தித் தின்ன வைப்பதால் மட்டும் பால் திரும்பி வராது. மாட்டைக் குளிர்வித்தால்தான் தீவனமும் பயன் தரும்.

வைக்கோலும் சோளத்தட்டும் வயிற்றில் நொதிக்கும்போது அடர்தீவனத்தைவிட அதிக வெப்பம் உண்டாக்கும், அந்த வெப்பம் தின்ற சில மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும். எனவே காலை 9 மணிக்கு வைக்கோல் போட்டால் நண்பகல் வெயிலோடு அது சேர்ந்துகொள்ளும். உலர்தீவனத்தின் பெரும்பகுதியை மாலை ஆறு மணிக்குப் பிறகு போடுங்கள், அதிகாலையில் பசுந்தீவனமும் அடர்தீவனமும் கொடுங்கள். நார்த்தீவனத்தை அடியோடு குறைத்துத் தவிட்டையும் மாவையும் ஏற்றுவது வயிற்றில் அமிலத்தைக் கூட்டிவிடும்.

மூச்சிரைக்கும் மாட்டின் வாயிலிருந்து ஒழுகும் எச்சிலில் சோடா உப்பும் சேர்ந்தே போகிறது, வியர்வையில் பொட்டாசியம் போகிறது. எச்சில் வயிற்றுக்குள் போகாமல் தரையில் விழுவதால்தான் கோடையில் வயிற்று அமிலக் கோளாறு கூடுகிறது. தாது உப்புக் கலவையோடு சமையல் சோடாவையும் மருத்துவர் சொல்லும் அளவில் அடர்தீவனத்தில் கலந்து வாருங்கள். தண்ணீர்த் தொட்டி நிழலில், மாடு அவிழ்க்காமலே எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். நன்றாகக் கறக்கும் கலப்பின மாடு கோடையில் ஒரு நாளைக்கு 80 முதல் 100 லிட்டர் வரை குடிக்கக்கூடும் என்பதால், காலையும் மாலையும் ஒவ்வொரு வாளி வைப்பது பற்றாது.

சினையும் கன்றும்

வெப்பத்தால் பருவ அறிகுறிகள் மங்கிவிடும்; மாடு கத்தாது, மற்றதன் மேல் தாவாது. விடியற்காலையிலும் இரவிலும் கவனித்தால்தான் தெரியும். சினை ஊசியையும் குளிர்ந்த நேரத்தில் போடுங்கள், போட்ட பிறகு மாட்டை வெயிலில் நடத்திக்கொண்டு வர வேண்டாம். கருவுற்ற முதல் சில நாட்களில் கரு வெப்பத்துக்கு மிகவும் நொய்மையானது. அந்த நாட்களில் தாயின் உடல் சூடேறினால் கரு அழிந்து, மாடு மறுபடியும் பருவத்துக்கு வந்து நிற்கும். ஊசி பிடிக்கவில்லை என்று ஊசி போட்டவரைக் குறை சொல்லும் முன் அந்த வாரத்தின் பிற்பகல் வெப்பநிலைக் குறிப்பைப் பாருங்கள்.

கறவை வற்றிய சினை மாட்டைக் கோடையில் ஒரு மூலையில் கட்டிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. கறவை இல்லாததால் நட்டமில்லை என்று எண்ணுகிறார்கள். கடைசி இரண்டு மாதங்களில் வெப்பத்தால் வாடிய மாட்டின் மடித்திசு சரியாக வளராததால் அடுத்த ஈற்றின் பால் குறைகிறது, கன்றின் எடையும் குறைகிறது. ஒரே ஒரு மின்விசிறிதான் இருக்கிறது என்றால் அதன் கீழே சினை மாட்டையும் சேர்த்துக் கட்டுங்கள்.

உடல் வெப்பநிலை 106 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால் காத்திருக்கக் கூடாது. மாட்டை நிழலுக்கு மாற்றி, தலை, கழுத்து, விலா முழுவதும் தண்ணீர் ஊற்றி, காற்றடித்துக்கொண்டே மருத்துவரை அழையுங்கள். தண்ணீரை முன்னால் வைத்தால் போதும். மூச்சிரைக்கும் மாட்டின் வாயைத் திறந்து ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

வெளியூரிலிருந்து மாடு வாங்குபவர்களுக்கு

மாட்டின் உடல் வெப்பத்துக்குப் பழகுவது படிப்படியாக நடக்கிறது. தோலுக்கு இரத்தம் பாய்வதும் வியர்ப்பதும் மூச்சு வேகமாவதும் சில நிமிடங்களில் தொடங்கிவிடும். தைராய்டுச் சுரப்பு இறங்கி உள்வெப்பம் குறைவதற்கும், அடர்ந்த மயிர் உதிர்ந்து குட்டை மயிர் வருவதற்கும் பல வாரங்கள் வேண்டும். வியர்வைச் சுரப்பியின் அளவும் தோலின் நிறமும் பிறப்பிலேயே வருபவை, எவ்வளவு நாள் வைத்திருந்தாலும் மாறமாட்டா. ஆகவே மலையிலிருந்தோ வறண்ட மாவட்டத்திலிருந்தோ கடலோரத்துக்கு மாடு கொண்டுவருவதாக இருந்தால் கார்த்திகை, மார்கழியில் வாங்குங்கள். தை, மாசி, பங்குனி மூன்றும் அதன் உடல் பழகக் கிடைக்கும். சித்திரையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கப் போனால், விலை பேசும் முன் பிற்பகல் 3 மணிக்கு அந்தத் தொழுவத்தில் நின்று விலாவைப் பார்த்து அரை நிமிடம் எண்ணுங்கள். விற்பவர் சொல்லும் பால் அளவை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.